மேலக்காவின் ஃபேன்

எங்கள் சுகாதார நிலையத்து நர்ஸுக்கு மேலக்கா என்று பெயர் வைத்தது நான்தான். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை கொடுப்பவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? எங்களால் ஆகாத ஆளை டவுன் ஆஸ்பத்திரிக்கோ, அதற்கும் மேலான பெரிய ஆஸ்பத்திரிக்கோ சீட்டு எழுதி விடுவதை நாங்கள் ‘மேலே அனுப்புவது’ என்போம். ஒருமுறை இருமலோடு வந்த பெரியவரிடம் அக்கா, “உங்கள மேல அனுப்பிடறேன், பயப்படாதீங்க” என்றாள். அவர், “இப்பவேவாம்மா? வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேனே” என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

கருவைக் கலைக்க வேண்டும் என்று வருகிற பெண்களையும் அவள்தான் மேலே அனுப்புவாள். அதற்குரிய டாக்டரோ மாத்திரையோ எங்களிடம் கிடையாது. சீட்டுதான் உண்டு. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். “உன் வேலையும் என் வேலையும் ஒண்ணுதான். டிக்கெட்டக் கிழிச்சுக் கொடுத்து ஏத்தி விடறோம். எறங்கினப்புறம் என்ன ஆனாங்கன்னு நமக்கெதுக்கு?” என்பார். மாமியாருக்கு இந்த வேலையே பிடிக்காது. பாவம் பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருமகள் கொண்டுவரும் முட்டிவலித் தைலத்துக்கு மட்டும் கையை நீட்டுவாள். அக்காவோ, அனுப்பிய பெண்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று மறுநாள் டவுனுக்கு ஃபோன் போட்டுக் கேட்பாள். அங்கே யாராவது எடுத்தால் அது பெரிய விஷயம்.

அவளுடைய அறை என்பது பாதி அறை. ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் தடுப்பூசிக்கு வந்தவர்கள், காய்ச்சலுக்கு வந்தவர்கள், சும்மா ஊர்க்கதை கேட்க வந்தவர்கள். இந்தப் பக்கம் ஒரு பெண் வாயைத் திறந்தால் பெஞ்சு முழுக்கக் காது. அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். உள்ளே ஒரு கிழட்டு ஃபேன் இருந்தது. அஞ்சில் வைத்தால் காற்று வராது, சத்தம் மட்டும் வரும். வந்தவள் தலையைக் குனிந்தாள் என்றால் அக்கா அதை அஞ்சில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். நல்ல யோசனைதான். ஆனால் கொட்டுகிற மழையிலும் ஃபேன் அலறினால் பெஞ்சுக்குப் புரியாதா? “ஃபேனப் போட்டாச்சு” என்று ஒருத்தி அடுத்தவளை இடிப்பாள். நான் அக்காவிடம் சொன்னேன். “என்ன விஷயம்னு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். அவ சொல்றது கேக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றாள்.

அப்படி ஒரு மழைநாளில்தான் தையல்காரப் பெண் வந்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் மிஷினில் உட்காருகிறவள். மூத்தது ஸ்கூல் போகிறது, சின்னது இன்னும் பால் குடிக்கிறது. புருஷன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வயிறு தெரிந்தால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள். அந்த மிஷின் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். “இன்னொண்ணு வேணாம்க்கா. இருக்கறதுங்க மூஞ்சியவே பாக்க முடியல” என்றாளாம்.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: “குளிச்சு எத்தனை மாசம்?”

அவள் வழக்கமான வெட்கத்தோடு சொன்னாள்: “தள்ளி ரெண்டு மாசம்.”

ஃபேன் அலறியதில் முதல் வார்த்தை அடிபட்டுப் போனது. இரண்டு மாசம் என்பது மட்டும் அக்கா காதில் விழுந்தது. கேட்பதற்கு என்னவோ ஒன்றுபோல இருக்கும். கடைசியாகத் தூரம் வந்து குளித்ததிலிருந்து இரண்டு மாதம் என்பது ஒரு கணக்கு. வர வேண்டிய நாள் தள்ளிப்போனதிலிருந்து இரண்டு மாதம் என்றால் முழுசாக ஒரு மாதம் கூடுதல். டாக்டர்கள் எண்ணுவது குளித்த கணக்கை. இது தெரியாதவளில்லை அக்கா. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். சீட்டில் இரண்டு மாதம் என்று எழுதி டவுனுக்கு அனுப்பினாள்.

டவுனில் சீட்டைப் பார்த்தார்கள். இரண்டு மாதம்தானே, மாத்திரை போதும், அவசரமில்லை, அதற்கான டாக்டர் அடுத்த வாரம் வருவார் என்று திருப்பினார்கள். அடுத்த வாரம் டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, ஸ்கேன் பார்த்து, “இது மாத்திரைல போற நிலைமையைத் தாண்டிடுச்சு. மேல போங்க” என்றார்.

அவள் அந்த டாக்டர் எழுதிய சீட்டோடு எங்களிடம் திரும்பி வந்த அன்று, அக்கா அதைப் படித்துவிட்டு, “நீ தள்ளின கணக்கா சொன்னே?” என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள். அக்கா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். பெஞ்சு மொத்தமும் திரைப்பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து அந்த ஸ்விட்சை அவள் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு காதாகத்தான் கேட்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். விதியில் அப்படி ஒன்றும் கிடையாது, அவர்கள் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் என் ஆத்திரத்தை வைத்து யாருக்கு என்ன ஆகும்? வாரக்கணக்கில் காக்க வைத்துவிட்டு லாரிக்காரன் ஒருவழியாக வீட்டுக்கு வந்தான். “பொறந்தா பொறந்துட்டுப் போகுது, பாத்துக்கலாம்” என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டு, விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கையெழுத்துப் போடவில்லை.

கடைசியில் அக்கா லீவு போட்டுவிட்டு அவளோடு தானே போனாள். வராண்டாவில் காத்திருந்து, கெஞ்சி, சண்டை போட்டு, ஒரு டாக்டர் அம்மாவைப் பிடித்துவிட்டாள். அந்த அம்மா கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், ஸ்கேனைப் பார்த்தாள், எங்கள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“சட்டத்துல சொன்ன கெடு தாண்டிடுச்சு. இனிமே இங்க யாரும் கை வைக்க மாட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நானே பண்ணியிருப்பேன். ரெண்டு மாசம்னு யார் எழுதினது?”

“நான்தான் டாக்டர்.”

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்து தையல்காரப் பெண் மறுபடி வந்தாள், கர்ப்பிணிகளுக்கான கார்டு வாங்க. வயிறு நன்றாகத் தெரிந்தது. கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் சின்னது. “மேலேர்ந்து கீழ அனுப்பிட்டாங்க, பாத்தியாக்கா” என்று சிரிக்கப் பார்த்தாள். அக்கா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். எடை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். கார்டில் எழுதும்போது, “குளிச்சு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கணக்கு அவளுக்குத்தான் தெரியுமே.

“ஃபேனப் போடுக்கா” என்றாள் அந்தப் பெண்.

“இதுக்கு எதுக்குடி? இது ஊருக்கே சொல்ற விஷயம்.”

“போடுக்கா. கொஞ்சம் அழுதுக்கறேன்.”

அக்கா ஃபேனை அஞ்சில் வைத்தாள். அது அலறியது. பெஞ்சில் ஒருத்தி, “ஃபேனப் போட்டாச்சு” என்று அடுத்தவளை இடித்தாள். நான் தையல்காரப் பெண்ணுக்குரிய சத்து மாத்திரைகளை எண்ணி எடுத்துவைத்துக்கொண்டு ஜன்னலில் காத்திருந்தேன்.