செம்பருத்திப் பொட்டலம்

என் அப்பாவைச் சாமிதான் போகவிடாமல் தடுத்தது என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். சாமி எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை, எதை வேண்டுமானாலும் அதன் தலையில் போடலாம்.

அப்பாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம், ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காக்கிச் சட்டையும் விசிலுமாகப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவார். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பஸ்ஸின் பின்னால் ஓடும். நான் ஓடமாட்டேன். என் அப்பா பஸ், நான் ஏன் ஓட வேண்டும்?

அவருக்குச் சயரோகம் வந்தது. முதலில் இருமல், பிறகு சாயங்காலக் காய்ச்சல், பிறகு துண்டில் ரத்தம். விசில் ஊத மூச்சில்லாதவன் எனக்கு எதுக்கு என்று பஸ் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று வருஷம் கொல்லைப்பக்கத்துச் சாய்ப்பில் கயிற்றுக் கட்டிலே கதியென்று கிடந்தார். என்னைக்கூடக் கிட்டத்தில் விடமாட்டார்.

பார்க்க வந்தவர்கள் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒருத்தராவது சாய்ப்புக்குள் கால் வைத்தது கிடையாது. முருங்கை மரத்தடியில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினால், "இப்பத்தான் குடிச்சிட்டு வாரோம்" என்று பின்னால் நகர்வார்கள். அதெப்படி அத்தனை பேரும் இப்பத்தான் குடித்துவிட்டு வருவார்களோ! ஆனால் வைத்தியம் சொல்வதில் மட்டும் குறைச்சல் இல்லை. ஆட்டுப்பால் என்பாள் ஒருத்தி, ஆமை ரத்தம் என்பார் இன்னொருவர். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவர்கள் வாசல் தாண்டியதும் கையை வீசி, "ரைட், போகலாம்" என்பார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள், அப்படியே அழுதுவிடுவாள்.

டவுன் டாக்டர் எழுதிப்போட்டதில், ஒரு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. வெளியூரில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருக்கிறது, பதினைந்து நாளுக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. அப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாளைக்கு நாலு தரம் எடுத்துப் பார்த்தார். "புது ஊசி வந்திருக்காம். ஆறு மாசத்துல ஆளாயிருவேன்," என்றார். தகரப் பெட்டியைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

அப்போதுதான் பெரியப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் அண்ணன். தம்பி இருமுகிறானா இருக்கிறானா என்று எட்டிப் பார்க்காத மகராசன். "கண்காணாத ஊர்ல கொண்டுபோயிப் போடணுமாக்கும்? ஆத்தா கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்," என்றார்.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். கிணறு வெட்டப் பூ, மாடு பிடிக்கப் பூ, பெண் கொடுக்கப் பூ. டாக்டர் படித்த படிப்பெல்லாம் ஒரு பூவுக்கு முன்னால் நிற்குமா? அத்தை வேறு ஒத்து ஊதினாள். "அங்க போனவங்க ஒருத்தரும் திரும்புனதில்ல. பொணத்தக்கூடத் தரமாட்டாங்களாம்." என்னை மடியில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளைக்கும் காது உண்டு என்று அந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வீடு. இப்படிப் பேசி முடித்தார்கள். பொட்டலத்தை எடுப்பது சூதுவாது தெரியாத பிள்ளையாக இருக்க வேண்டுமாம். என்னைப் பிடித்தார்கள்.

காலையில் அப்பாவை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். இறங்கும்போது என்னைப் பார்த்து, "வெள்ளையா எடுத்துத் தா ஆத்தா," என்றார். வழக்கமாக வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று என்று ஒரே அளவாகக் கட்டுவார்கள். அன்றைக்குச் செவ்வரளி தேடப் பூசாரிக்குச் சோம்பல். வாசலில் நின்ற செம்பருத்தியைக் கிள்ளிக்கொண்டார். வாழை இலைத் துண்டில் இரண்டையும் தனித்தனியாகச் சுருட்டி, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்தார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பெரியப்பா போட்ட "தாயே!" அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார்கள். சிவப்பு.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். படுக்கை வேறு யாருக்கோ போயிற்று.

ஒன்பது மாதத்தில் அப்பா செத்துப்போனார். அன்றைக்குப் பார்க்க வேண்டுமே கூட்டத்தை! முருங்கை மரத்தைத் தாண்டாதவர்களெல்லாம் உறவுமுறைப்படி கோடித் துணி கொண்டுவந்து அவர் மேல் போர்த்தினார்கள். அப்பா முகமே தெரியவில்லை. மார்கழிக் குளிரில் கிழிந்த ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு நடுங்கிய மனிதருக்கு, செத்தபிறகு அத்தனை புது வேட்டி. தூ!

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். செம்பருத்தி பெரிய பூ, அரளி சின்னப் பூ. ஒரு பொட்டலம் உப்பியிருந்தது, மற்றது ஒடுங்கியிருந்தது. எதில் சிவப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன். பிணத்தைக்கூடத் தராத ஊருக்கு என் அப்பாவை அனுப்புவேனா நான்? சூதுவாது தெரியாத பிள்ளையாம்!

கோயிலிலிருந்து வந்த அன்று மத்தியானம், அப்பா என்னைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வா ஆத்தா."

சாய்ப்பு வாசலில் போய் நின்றேன்.

"உப்பலா இருந்தத ஏன் எடுத்தே?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் மட்டுந்தான் கண்ண மூடல."

அவர் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பூசாரி மறுபடி கட்டியிருப்பார். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? அத்தனை பேர் முன்னால் மகளைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறிப் படுத்திருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க செத்துப்போயிருவீங்கன்னு அத்தை சொன்னுச்சு," என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் இருமினார். பிறகு துண்டை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "யார்ட்டயும் சொல்லாத. சாமி சொன்னதாவே இருக்கட்டும். அழுவாத, போயி வெளையாடு."

நானும் போய் விளையாடினேன்.