மாமா ரூமுக்குப் போன ஒயர்

எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்துல ‘நெட் டாக்டர்’னு பேரு. நிஜ டாக்டரைக்கூட யாரும் இந்தப் பாடு படுத்த மாட்டாங்க. சாப்பிட உக்காந்தா போதும், போன் அடிக்கும். “சார், நெட் வரலை.” வாயில இருக்கிறதை முழுங்காமலே, “பெட்டியில எத்தனை விளக்கு எரியுது, எண்ணிச் சொல்லுங்க”ம்பாரு. ஒரு அம்மா, திருட்டுப் போயிடும்னு ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, சிக்னலே வரலைன்னு இவரோட சண்டைக்கு நின்னாங்க. ஒரு ஆபீஸ் மேனேஜர், ஒயரோட ஒரு முனை சும்மா தொங்குதேன்னு அதையும், மறுமுனை மாட்டியிருந்த அதே சுவிட்ச் பெட்டியில, அதான் எல்லா ஒயரும் வந்து சேர்ற பெட்டியில, குத்தி வெச்சாரு. மொத்த ஆபீஸ் நெட்டும் படுத்துடுச்சு. இவரு அரை நாள் மாடி மாடியா ஏறி எறங்கிக் கண்டுபிடிச்சா, “நான் ஒழுங்குபடுத்தத்தான் செஞ்சேன்”னாராம் அந்த மனுஷன். இதையெல்லாம் வந்து சொல்லும்போது எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

வேலையில மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த ஆபீஸ்ல ஒயர் இழுத்தாலும் ரெண்டு முனையிலயும் சீட்டு ஒட்டுவாரு. எங்கேருந்து எங்கே போகுதுன்னு முத்து முத்தா எழுதியிருக்கும். வேற ஆளுங்க போட்டுட்டுப் போன, சீட்டு இல்லாத ஒயரைப் பார்த்தா அவருக்கு ஒரு வழக்கம். பிடுங்கி விட்டுடுவாரு. ஒரு வாரம் பார்ப்பாரு. யாராவது கத்தினா திரும்ப மாட்டுவாரு, கத்தலைன்னா சுருட்டி எடுத்துடுவாரு. அந்தத் தொழில்ல எல்லாரும் செய்யறதுதானாம். “கத்தாத ஒயர் செத்த ஒயர்”னு பெருமையா வேற சொல்லிக்குவாரு.

எங்க வீட்டு ஒயருக்குத்தான் ஒரு சீட்டும் கிடையாது. மாடிப்படிக்குக் கீழ அலமாரியில சாம்பல் கலர்ல பதினோரு ஒயர், பின்னிப் பிணைஞ்சு கெடக்கும். நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சு விட்டுட்டேன்.

அதுல ஒரு ஒயர் பின்கட்டுல மாமா ரூமுக்குப் போச்சு. மாமான்னா இவரோட அப்பா. அந்த ஒயரைப் போட்டது இவரு இல்லை. என் நாத்தனார் ஆள் வெச்சுப் போட்டது. அத்தை, இவரோட அம்மா, கடைசி காலத்துல படுத்த படுக்கையா இருந்தப்போ அவளுக்கு வெளிநாட்டுல வேலை கெடைச்சுது. “இப்போ போனா அப்படியே போயிடு”ன்னாரு இவரு. “இனிமே உன்கிட்ட பேசினா என்னன்னு கேளு”ன்னு அவளும் முறுக்கிக்கிட்டா. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததாச்சே, வீம்புக்குக் கேக்கணுமா! ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி, இவரு இல்லாத நேரம் பார்த்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து ஒயர் இழுத்து, மாமா ரூம்ல ஒரு சின்ன பெட்டியும் சுவத்துல ஒரு டேப்லெட்டும் மாட்டிட்டுப் போனா. அந்தச் சுவரு தடிமன், வீட்டு சிக்னல் அங்க போகாது. இவரு வந்து பார்த்துட்டு, “என் வீட்டுக்கு இன்னொருத்தன் வந்து ஒயர் போடறானா?”ன்னு குதிச்சாரு. அதுக்கப்புறம் அந்தப் பெட்டி பக்கமே திரும்பலை.

ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை நாலு மணின்னா மாமா தலை வாரி, நல்ல சட்டை போட்டு, டேப்லெட்டுக்கு எதுத்தாப்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துடுவாரு. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மணி அடிச்சா பச்சையை அழுத்தணும். அவ கூப்பிடுவா, ஒரு மணி நேரம் பேசுவாங்க. அந்த நேரத்துல இவரு வேணும்னே வண்டியைக் கழுவிட்டு இருப்பாரு. வாரம் பூரா மாமா உசிரைப் பிடிச்சுட்டு இருந்ததே அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். மிகையா சொல்லலை, கண்ணால பார்த்தவ நான்.

ஒரு நாள் இவரு புதுசா ஒரு சுவிட்ச் வாங்கிட்டு வந்து அலமாரியைச் சரி பண்ண உக்காந்தாரு. சாமி வந்த மாதிரி ஒரு வேகம். ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டி, “இது எங்கே போகுது?”ன்னாரு. நான் அடுப்புல கையை வெச்சுட்டு, “உங்க குப்பை, என்னைக் கேட்டா?”ன்னு எரிஞ்சு விழுந்தேன். அந்த ஆள் ஒயர் போட வந்த அன்னைக்குக் கதவைத் திறந்து விட்டதே நான்தான். அலமாரி வரைக்கும் கூடவே வந்து நின்னேன். ஒரு எட்டு எட்டிப் பார்த்திருந்தா என் கால் தேஞ்சா போயிருக்கும்? “சரி, வேணும்னா கத்துவாங்க”ன்னு பிடுங்கிப் போட்டாரு.

யாரும் கத்தலை.

அந்த ஞாயிறு நாலரை மணிக்கு மாமா ரூமைத் தாண்டிப் போனேன். சத்தமே இல்லை. “பேசியாச்சா மாமா?”ன்னேன். “ஆச்சும்மா, இன்னைக்கு அவளுக்கு வேலை, சீக்கிரம் வெச்சுட்டா”ன்னாரு. அடுத்த வாரமும் “ஆச்சும்மா”தான். அதுக்கடுத்த வாரமும். பெட்டியில விளக்கு என்னவோ எரிஞ்சுகிட்டுத்தான் இருந்துச்சு, கரன்ட் இருந்தா அது எரியுமாம். எல்லாம் சரியா இருக்கு, மகதான் கூப்பிடலைன்னு நெனைச்சுட்டாரு மனுஷன். அதை எங்ககிட்ட சொன்னா, ‘பார்த்தீங்களா உங்க பொண்ணு லட்சணத்தை’ன்னு இவரு ஒரு வார்த்தை விட்டுடுவாரேன்னு மகளுக்காகப் பொய் சொல்லியிருக்காரு. ஆறு வாரம். சாப்பாடு பாதியாச்சு. “வயசாச்சுல்ல, பசிக்கலை”ன்னாரு. நானும் நம்பினேன், மண்டு மாதிரி.

ஏழாவது வாரம் புதன்கிழமை காலையில காபி கொண்டு போனேன். எழுந்திருக்கலை. டாக்டர் வந்து கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, தூக்கத்துலயே போயிட்டாருன்னாரு.

பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் கூடிட்டாங்க. “பொண்ணுக்குச் சொல்லியாச்சா?”ன்னு யாரோ கேட்டாங்க. அப்பத்தான் உறைச்சுது, அவ நம்பர் எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. அந்த டேப்லெட்ல மட்டும்தான் இருக்கு. இவரு எடுத்து அழுத்தினாரு. போகலை. திரும்ப அழுத்தினாரு. “நெட் இல்லை”ன்னாரு, ஏதோ கஸ்டமர் வீட்டுல சொல்ற மாதிரி.

கை தானா வேலையை ஆரம்பிச்சுடுச்சு. பெட்டியைப் பார்த்தாரு, பின்னாடி ஒயரைத் தொட்டாரு. அதைப் பிடிச்சுக்கிட்டே சுவரோரமா, ஜன்னல் சட்டத்தைச் சுத்தி, வாசப்படிக்கு மேல, கூடத்துல நிக்கிறவங்களை விலக்கிட்டு வந்தாரு. நான் பின்னாலயே போனேன். அலமாரிக்கு வந்ததும் நின்னுட்டாரு. சுருட்டி எடுக்க மறந்துபோன ஒயர் முனை தரையில கெடந்துச்சு, தூசி படிஞ்சு.

“இதை நான்தானே...”ன்னாரு. அவரைத் திட்டினா என்னையும் சேர்த்துல்ல திட்டணும்.

குனிஞ்சு மாட்டினாரு. திரும்பி ரூமுக்குள்ள வர்றதுக்குள்ள டேப்லெட் கதற ஆரம்பிச்சுடுச்சு. எடுக்காத அழைப்பு ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுது. நடுவுல குரல் பதிவும் இருந்துச்சு, இவரு ஒவ்வொண்ணா அழுத்திக் கேட்டாரு. முதல்ல, “அப்பா, தூங்கிட்டீங்களா?” அப்புறம், “அப்பா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?” கடைசியா, மூணு நாளைக்கு முன்னாடி அனுப்பினது. அழுதுகிட்டே பேசியிருக்கா. “அப்பா, அண்ணன்தான் பேசக் கூடாதுன்னுட்டானா? அவன்கிட்ட குடுங்க, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். கால்ல வேணும்னாலும் விழறேன். உங்ககிட்ட பேசறதுக்கு மட்டும் விடச் சொல்லுங்கப்பா.”

இவரு கட்டில் விளிம்புல, மாமா கால்மாட்டுல அப்படியே உக்காந்துட்டாரு. நான் அந்த மனுஷனோட இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், அப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை. எனக்குக் கோவமும் வந்துச்சு, ஓடிப்போய்க் கட்டிக்கணும் போலவும் இருந்துச்சு. “கூப்பிடுங்க, அவ வரணும்ல”ன்னேன்.

டேப்லெட்டை மடியில மல்லாக்க வெச்சுக்கிட்டு அழுத்தினாரு. ஒரு மணிகூட முழுசா அடிக்கலை, எடுத்துட்டா.

“அப்பா! கோவம் தீர்ந்துச்சா?” அந்தக் குரல்ல இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்லுவேன். “என்னப்பா, ஃபேன்தான் தெரியுது. மூஞ்சியைக் காட்டுங்கப்பா.”

இவரு என்னை நிமிர்ந்து பார்த்தாரு. ‘நீ வாங்கிக்கோயேன்’னு கெஞ்சற பார்வை. நான் கையை நீட்டலை. இதை அவருதான் சொல்லணும்.

மெதுவா அதைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரா பிடிச்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணன் முகத்தைப் பார்க்கறா. சிரிச்ச வாய் அப்படியே இருந்துச்சு, மூடத் தெரியாம.

“அண்ணா... நீயே கூப்பிட்டியா? அப்பா பக்கத்துல இருக்காரா?”