அருவிக்கரைக்குப் போன முந்திரிக்கொத்து

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்குப் பல மாதம் தைரியம் வரவில்லை. என் அஜாக்கிரதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. போன கிறிஸ்மஸ் அன்று என் கையால் மூன்று வீடுகளுக்கு நஞ்சு போனது. ஒரு உயிருக்கும் சேதமில்லை. காத்தவர் யார் என்று சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில் இருக்கிறது. என் கணவர் தங்கராஜ் வயரிங் வேலை செய்கிறார். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் மதியம் பிரியாணி. அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கறி கொடுக்க முடியாது. அதனால் முந்திரிக்கொத்து செய்து கொடுப்பேன். சிறுபயறு வறுத்துப் பொடித்து, தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரிப்பது. என் கைப்பக்குவத்தை எல்லோரும் மெச்சுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

இருபத்து நான்காம் தேதி மதியம் கடைசி ஈடு பொரிக்கும்போது மாவு நீர்த்துவிட்டது. அலமாரியில் இருந்த ஒரு பாட்டிலைத் திறந்து, அரிசி மாவு என்று நினைத்து, இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். அந்த ஈடுதான் வெள்ளையாக, அழகாக வந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று அதைத் தனியாக எடுத்து மூன்று டப்பாவில் அடைத்தேன். பக்கத்து வீடுகளுக்கு.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, ஒன்பது மணிவாக்கில் நானே மூன்று வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தேன். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் எஸ்தர் ஆப்பம் சுட மாவு கரைக்கப் போனாள். அலமாரியில் இருந்த அதே பாட்டிலைத் திறந்துவிட்டு, அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

"மதினி, இது என்ன மாவு? பவுடர் மாதிரி வழுவழுன்னு இருக்கே."

தொட்டுப் பார்த்தேன். மழைக்காலத்தில் கரப்பான் தொல்லைக்கு வாங்கிய மருந்துத் தூள். பாக்கெட் கிழிந்துவிட்டது என்று நான்தான் அதை ஒரு காலி பாட்டிலில் கொட்டிப் பரணில் வைத்தேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்யும்போது பரணில் இருந்த பாட்டில்களை எல்லாம் இறக்கி, துடைத்து, அலமாரியில் அடுக்கியதும் நான்தான்.

"நேத்து மாவுல இதையா போட்டீய?" என்று எஸ்தர் கேட்டாள். தலையை ஆட்டினேன்.

அவள் பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "மதினி, மருந்துன்னு சொல்லாதீய. எண்ணெய் காறிப்போச்சுன்னு சொல்லித் திருப்பி வாங்கிருவோம். நாளைக்கு ஒருத்தரும் நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாவ" என்றாள்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த நேரத்திலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் கணவர்தான், "ஏற்கெனவே ஒருத்தர் தின்னுருந்தா? எண்ணெய்னு சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவாவளா? உண்மையச் சொல்லு ஜெபா" என்றார்.

ஓடினேன். தையல்காரர் வீட்டில் டப்பா பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. விஷயத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்தது ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு. அண்ணாச்சி கையில் ஒரு முந்திரிக்கொத்து இருந்தது! "அண்ணாச்சி, வாயில வைக்காதீய!" என்று வாசலில் இருந்தே கத்தினேன். அவருக்கு மேல்வரிசைப் பல் கிடையாது. டீயில் ஊறவைத்துத் தின்ன, டீ ஆறுவதற்காகக் காத்திருந்தாராம். கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. சங்கரியின் வீடு. அவள் கணவர் முருகன் மாலை போட்டிருந்தார். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண், காவ்யா. முந்திரிக்கொத்து என்றால் அந்தப் பிள்ளைக்கு உயிர்.

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டாவளே. மெயின் அருவின்னு சொன்னாவ. உன் டப்பாவையும் கொண்டுதான் போறாவ" என்றார் அண்ணாச்சி.

சங்கரிக்குப் போன் போட்டேன். பூட்டிய வீட்டுக்குள்ளே மணி அடித்தது. முருகன் போன் அணைந்திருந்தது.

பைக்கில் புறப்பட்டோம். தென்காசி தாண்டி மேலகரம் வரைக்கும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வரிசையாக நின்றன. என் கணவர் சந்துபொந்தெல்லாம் புகுந்து ஓட்டினார். எனக்கு நீளமான ஜெபம் ஒன்றும் வரவில்லை. வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை வாயைக் கட்டும். நான் போறதுக்கு முந்தி நீர் போய் நில்லும்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இடையிடையே அந்தப் பிள்ளை வாயில் நுரை தள்ளுவது போல என் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது.

அருவிக்கரையில் கருப்பு வேட்டியும் காவித் துண்டுமாக ஆயிரம் தலை. தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. மைக் வைத்திருந்த போலீஸ்காரரிடம் போய், பெயரைச் சொல்லி அறிவிக்கச் சொன்னேன்.

"என்ன விஷயம்மா? பிள்ளை தொலைஞ்சு போச்சா?"

சுற்றிலும் அவ்வளவு பேர் நின்றார்கள். நான் சொன்னேன்: "இல்ல சார். நான் செஞ்சு குடுத்த பலகாரத்துல பூச்சி மருந்து கலந்துட்டு. அதைத் தின்னுறக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் மைக்கைப் பிடித்தார். "குத்துக்கல்வலசை முருகன், சங்கரி! கையில இருக்க பலகாரத்தைச் சாப்பிடாதீங்க!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் வரவில்லை.

கடைத்தெருப் பக்கம் ஓடினேன். அங்கே ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. காவ்யா! ஈரத் தலையோடு நின்று, ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். வயிற்று வலியில் அழுகிறாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சங்கரி ஓடி வந்து என்னைத் தூக்கினாள். "அக்கா! நீங்க எங்கன இங்க?"

"பிள்ளை ஏன் அழுதா? தின்னுட்டாளா?"

"எங்க திங்க? அவங்க அப்பா குளிச்சு வரட்டும்னு வச்சிருந்தேன். பொறுக்காம டப்பாவைத் திறந்தா. ஒரு குரங்கு பாய்ஞ்சு வந்து பையோட இழுத்துச்சு. டப்பா தவறித் தண்ணிக்குள்ள விழுந்து, எல்லாம் அடிச்சுட்டுப் போயிட்டு. குரங்குக்கும் வெறும் பைதான் கிடைச்சுது. அதுக்குத்தான் இந்த அழுகை."

நான் காவ்யாவின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு சங்கரியின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் வந்து நின்ற முருகனும் கேட்டார். அவர் முகம் இறுகிவிட்டது. அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"முதல்ல பிள்ளையை ஆஸ்பத்திரில காட்டுவோம்" என்றார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் முருகன் என்னிடம் வந்தார். "அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஓடி வந்தீங்களே, அது போதும்" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டு பிரியாணியை ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னது தப்பு மதினி" என்று அழுதாள். இருவரும் முழங்காலில் நின்றோம். பல வருடமாகப் பழக்கத்துக்கு ஜெபித்து வந்த நான், அன்றுதான் நடுக்கத்தோடு ஜெபித்தேன்.

பொங்கலன்று சங்கரி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். நான் பதிலுக்குக் கடையில் வாங்கிய பழத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. "எனக்கு முந்திரிக்கொத்து வேணும். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து சுடுவோம்" என்று நேராக அடுப்படிக்குள் போய்விட்டாள். மாவு கரைக்கும் முன்னால் அதை இரண்டு முறை தொட்டும் முகர்ந்தும் பார்த்தேன். முதல் கொத்தை எண்ணெயிலிருந்து எடுத்ததும், நான் தடுப்பதற்குள் அவள் ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அதுதான்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது ஏதோ ஒரு தப்பை மூடிவைத்துக்கொண்டு பயந்துபோய் இருக்கலாம். மானம் போகுமே என்று நிற்காதீர்கள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். நம் கால் எட்டாத இடத்துக்கு நம் ஆண்டவர் முந்திப் போய் நிற்பார். எனக்காக நின்றார். உங்களுக்காகவும் நிற்பார்.