பத்து மணிக்குத் தூங்கிய வீடு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் அப்பாவும் மட்டும்தான். நான் வேலைக்குப் போன நேரத்தில், கை நடுக்கத்தோடு அடுப்பு மூட்டி அவர் இரண்டு முறை சுட்டுக்கொண்டார். அதனால் மேரு என்ற ஊரில் முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு வீட்டில் சேர்க்க அழைத்துப் போனேன்.

காலை பத்து மணி. எல்லாக் கட்டிலிலும் தூக்கம். கூச்ச சுபாவமுள்ள எனக்கு அந்த அமைதி பிடித்துப்போனது.

"ராத்திரியெல்லாம் ரயில் தள்ளினானுங்களாடா இவனுங்க? நான் யார்கிட்ட பேசுறது?" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா" என்று சொல்லி அவரை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறன்றுதான் பார்க்க வரலாம் என்றிருந்தார்கள். கம்பளி கொடுக்க மறந்ததால் புதன்கிழமையே போனேன். எவ்வளவு உலுக்கியும் அப்பா கண் திறக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது.

"ரொம்பப் பேசுறாரு அண்ணே. எல்லாருக்கும் குடுக்கிற மருந்துதான் குடுத்தோம்" என்றார் வீட்டை நடத்துபவர்.

கட்டிலருகே இருந்த மருந்துக் குவளையை முகர்ந்தேன். எங்கள் தெருக்கோடி அபின் கடையைக் கடக்கும்போது அடிக்கும் அதே வாடை. அப்பாவைத் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாம் நாள்தான் பேசினார்.

டாக்டர் சொல்லி போலீஸ் ஆட்கள் போய்ப் பார்த்தபோது, அந்த வீட்டில் வெறும் கட்டில்கள்தான் இருந்தனவாம். அந்தப் பெரியவர்கள் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது பகலில் அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். கூச்சத்தால் முன்பு நான் கேட்காத உதவி அது. யாராவது பெரியவர்களை இப்படி ஓரிடத்தில் சேர்க்கப் போனால், நானாகவே கூடப் போகிறேன். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறேன். பதில் வராத இடத்தில் யாரையும் விட்டுவர நான் சம்மதிப்பதில்லை.