கட்டியோடு வளர்ந்த பிள்ளை

பன்னிரண்டாவது வாரத்து ஸ்கானில் முதலில் தெரிந்தது பிள்ளை அல்ல. ஸ்கான் செய்த பெண் என் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை அங்குமிங்கும் நகர்த்தி, ஒரு கருத்த உருண்டையில் நிறுத்தி, அதன் குறுக்கே கோடு இழுத்து அளந்தாள். என் கணவர் அதைத்தான் தலை என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஃபைப்ராய்டு. கர்ப்பப்பையில் வளரும் கட்டி. புற்றுநோய் அல்ல, பயப்பட வேண்டாம்" என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கருவியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். அங்கே எங்கள் பிள்ளை, பெருவிரல் அளவில், கைகால்களை உதறிக்கொண்டு இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்துக்குள் இழந்திருந்தோம். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டிதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். அப்படி ஒரு பதிலோடு வீட்டுக்கு வருகிறவளுக்குப் பாதையில் தெரிவதெல்லாம் கட்டிதான். கிழக்கு லண்டனில், எங்கள் குட்மேய்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது வலது கையை வயிற்றின் அடியில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

நான் இல்ஃபோர்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தேன். ஆட்களுக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக் கொடுப்பது என் வேலை. உள்ளறையில் கண் பரிசோதிப்பவள் கொரியாக்காரி. என் வயதுதான். மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். என் ரொட்டியும் சம்பலும் அவளுக்குப் பிடிக்கும். அவளுடைய முள்ளங்கி ஊறுகாய் எனக்குப் பிடிக்கும். முதல் இரண்டு தடவையும் ஒன்றும் கேட்காமல் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். இந்த முறை நானாகவே சொன்னேன்.

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "என் அக்காவிடம் வருகிறாயா?" என்று கேட்டாள். அவளுடைய அக்கா கொரியாவில் ஆறு வருடம் அந்த நாட்டு வைத்தியம் படித்தவர். இங்கே வந்து நியூ மால்டனில், துணி வெளுக்கும் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் ஒரு அறை வைத்திருந்தார். கட்டி உள்ள பெண்கள் நிறையப் பேர் அவரிடம் வருவார்கள் என்றாள்.

எங்களோடு இருந்த மாமியிடம், என் கணவரின் அம்மாவிடம், இதைச் சொன்னேன். "அவையின்ர கசாயத்தைக் குடிச்சுக் கட்டி கரையுமெண்டால் போய்க் குடி பிள்ளை. கைச்சாலும் குடி" என்றார். என் கணவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சனிக்கிழமை பஸ் ஓட்டும் ஷிப்டை மாற்றிக்கொண்டு, வாட்டர்லூவில் ரயில் மாறி, என்னோடு வந்தார்.

வைத்தியர் என்றதும் வெள்ளைக் கோட்டும் கடுமையான முகமுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவர் கம்பளிக் காலுறையும் வீட்டுச் செருப்புமாக நின்ற, நாற்பது வயது மதிக்கத்தக்க சிறிய பெண். ஆங்கிலம் அதிகம் வராது. தங்கை பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். அக்கா ஒரு நிமிடம் பேசுவார். தங்கை இரண்டே வார்த்தைகளில் சொல்வாள். "இவ்வளவுதானா சொன்னா?" என்று நான் கேட்டால், "மிச்சம் எல்லாம் திட்டு" என்பாள்.

இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கால் குளிர்கிறதா, நித்திரை வருகிறதா, காலையில் வயிறு சரியாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாக்கால் 'ச்ச்' என்றார். என் ஸ்கான் அறிக்கையைத் தங்கையை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். பிறகு நேராக என்னைப் பார்த்துப் பேசினார். இந்த முறை தங்கை சுருக்கவில்லை.

"கட்டியைக் கரைக்கக் கொடுக்கிற மருந்துகள் இரத்தத்தை ஓடவைக்கிறவை. பிள்ளை உள்ளே இருக்கும்போது அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். வேறு யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாதாம். பிள்ளை பிறக்கும்வரை கட்டியை அவள் தொட மாட்டாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் நான் வந்ததே அந்த ஒன்றுக்காகத்தான். அவர் என்னை அழவிட்டார். சமாதானம் சொல்லவில்லை. முடிந்ததும் ஒரு பேப்பர் கைக்குட்டையைத் தந்து, தன்னால் என்ன முடியும் என்று சொன்னார். வாந்தியைக் குறைக்கலாம், நித்திரை வரவைக்கலாம், முதுகு வலியைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு நிபந்தனை. தான் செய்யப்போவதை ஒரு தாளில் எழுதித் தருவார். அதை எனக்குப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபிடம் காட்டி, அவர் சரி என்றால்தான் அடுத்த சனிக்கிழமை வர வேண்டும்.

மிட்வைஃப் வாசித்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்புகிற ஒருவரை நான் கண்டதில்லை" என்றார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் தொடங்கின. மணிக்கட்டின் உட்புறத்தில் மயிர் போன்ற ஊசி ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. பாதங்களுக்குச் சூடான துணிப்பொதி. போர்வையை இழுத்து மூடிவிட்டு அவர் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரிப்பார். வாந்தி குறைந்தது. ஊசியாலா, அந்த நாற்பது நிமிடம் யாரும் என்னை ஒன்றும் கேட்காமல் விட்டதாலா என்று எனக்குத் தெரியாது. வெளியே காத்திருக்கும் இடத்தில் சூடேற்றிய பாயில் இருந்த என் கணவர் வாய் திறந்து தூங்கியிருப்பார். மூன்றாவது சனிக்கிழமை வைத்தியர் அவருடைய தோளை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் துடித்த துடிப்பைப் பார்த்து அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கும் ஊசி. "சும்மா ஒருக்காப் பாப்பம் எண்டுதான்" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு சனிக்கிழமை காலையில் எனக்கு முதல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

பதினெட்டாவது வாரம், கடையில் ஒரு முதியவருக்குக் கண்ணாடியைக் காதில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, வயிற்றின் வலப்பக்கத்தில் யாரோ உள்ளே இருந்து முறுக்கியது போல ஒரு வலி வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். தோழி உள்ளறையில் இருந்து ஓடி வந்து என்னை நாற்காலியில் இருத்தினாள். எனக்கு நினைவில் வந்தது ஒன்றே ஒன்று. "அக்காவுக்கு ஃபோன் அடி. எந்த இடத்தை அழுத்தினால் வலி நிற்கும் என்று கேள்."

அவள் அடித்தாள். அக்கா இரண்டு கேள்விதான் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா? இரத்தம் படுகிறதா? அதற்குப் பிறகு அவர் சொன்னது மொழிபெயர்ப்பு இல்லாமலே எனக்குக் கேட்டது. ஆங்கிலத்தில், உரத்து, "ஹாஸ்பிடல். நவ்" என்றார்.

டாக்ஸியில் தோழி வழிநெடுக என் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் முதலில் பிள்ளையின் இதயத்துடிப்பைப் போட்டுக் காட்டினார்கள். குதிரை ஓடுவது போல அது ஓடிக்கொண்டிருந்தது. கட்டிதான் பிரச்சினை. பிள்ளையோடு சேர்ந்து அதுவும் வேகமாக வளர்ந்ததில் அதற்கு இரத்தம் போதாமல், உட்பகுதி அழியத் தொடங்கியிருந்தது. அந்த வலி அது. ஆபத்தில்லை, ஆனால் சில நாள் பொறுக்க வேண்டும் என்றார்கள். வலிமருந்து தந்து மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில் வைத்தியர் வந்தார். லண்டனின் மறு கோடியில் இருந்து, தனியாக, மூன்று ரயில் மாறி. கையில் ஒரு பை. அதில் ஊசி இருக்கும் என்று நினைத்து மணிக்கட்டை நீட்டினேன். அவர் அதை மெல்ல மடக்கிப் போர்வைக்குள் வைத்தார்.

"இங்கே டாக்டர் இருக்கிறார்" என்று தன் கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னார். "நான் விசிட்டர்."

பையில் இருந்தது ஒரு சோடிக் கம்பளிக் காலுறை. அதை எனக்குப் போட்டுவிட்டு, பார்வை நேரம் முடியும்வரை என் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச மொழி இல்லை. எதிர்க் கட்டிலில் இருந்த பெண், "உங்கள் சகோதரியா?" என்று கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

வலி ஒரு வாரத்தில் அடங்கியது. வயிறு வளர்ந்தது. முப்பத்துநான்காவது வாரம் இன்னொரு செய்தி. பிள்ளையின் தலை மேலே என் விலாவுக்குக் கீழே இருந்தது. கீழே தலை இறங்க வேண்டிய இடத்தைக் கட்டி பிடித்துக்கொண்டிருந்தது. கையால் வயிற்றை அழுத்தித் திருப்பும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தால் அது வேண்டாம் என்றார் பெரிய டாக்டர். திரும்பாவிட்டால் ஆபரேஷன்.

நியூ மால்டன் வைத்தியர் இதைக் கேட்டுவிட்டு ஒரு பழைய முறையைச் சொன்னார். மாசிபத்திரியின் இனத்து இலை ஒன்றைக் காயவைத்து, சுருட்டுப் போல உருட்டி, நுனியைப் பற்றவைத்து, காலின் சுண்டுவிரல் ஓரத்துக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும். தோலில் படக் கூடாது. சூடு மட்டும் பட வேண்டும். சில பிள்ளைகள் அதற்குத் திரும்பும், சில திரும்பாது. "முதலில் உன் டாக்டரிடம் கேள்" என்றார் வழக்கம் போல.

டாக்டர் சிரித்தார். "திரும்பும் என்று நான் நம்பவில்லை. கெடுதலும் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வித்தியாசமாக ஏதும் தெரிந்தால் உடனே வாருங்கள்."

என்னால் குனிந்து என் காலைத் தொட முடியாத மாதம் அது. அதனால் வேலை என் கணவருக்கு. பிற்பகல் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபோர்ம் சட்டையோடு கட்டிலின் அடியில் தரையில் இருப்பார். முதல் நாள் புகை எச்சரிக்கை மணி அலறியது. மாமி மேலே ஓடி வந்து, கதவைத் திறந்து, மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன, கோயில் கட்டுறியளோ?" என்று கேட்டார். அடுத்த நாளில் இருந்து ஜன்னல் முழுதும் திறந்து, நான் குளிர்கோட்டோடு படுத்திருந்தேன்.

ஒரு காலுக்குக் கால் மணி நேரம். அவர் அவ்வளவு கவனமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. சாம்பல் விழாமல் ஒரு கையை அடியில் பிடித்திருப்பார். நிமிடத்துக்கு ஒருமுறை, "சுடுதோ?" என்பார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தலை நிமிராமலே பேசத் தொடங்கினார்.

"போனமுறை பிள்ளை கலைஞ்சபோது நான் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை."

"ஷிப்ட் எண்டு சொன்னீங்கள்."

"ஷிப்ட் இருக்கேல்லை. வந்தனான். கீழ கார்பார்க்கில காருக்குள்ளயே இருந்தனான். ஏறி வர ஏலாமல் போச்சு. உம்மட முகத்தைப் பாக்க எனக்குத் துணிவு இல்லை."

அந்த நாளை நான் தனியாகத்தான் கழித்தேன். அதற்காக ஒன்றரை வருடம் மனதுக்குள் அவரோடு கோபமாக இருந்தேன். ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. இப்போது அவர் என் காலடியில், கண் சிவந்து இருந்தார். புகையால் என்று சொல்லக்கூடிய அளவுக்குப் புகை இல்லை.

"எவ்வளவு நேரம் இருந்தீங்கள்?" என்று கேட்டேன்.

"பின்னேரம் வரைக்கும்."

அவருடைய தலைமயிரைத் தொட கை எட்டவில்லை. பாதத்தால் அவருடைய கன்னத்தைத் தொட்டேன். "சரி. மற்றக் காலைப் பிடியுங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பேசினோம். இழந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் மனதுக்குள் பெயர் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளை திரும்பவில்லை. பத்து நாள் சூடு காட்டியும் தலை விலாவுக்குக் கீழேயே இருந்தது. முப்பத்தொன்பதாவது வாரம் ஆபரேஷன். பெண் பிள்ளை. கட்டியை எடுத்தால் இரத்தம் அதிகம் போகும் என்பதால் அதை விட்டுவிட்டுத் தைத்தார்கள். என் கணவர் இந்த முறை என் தலைமாட்டில், நீலத் தொப்பியோடு இருந்தார். கடைசிவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவும் தங்கையும் வந்தார்கள். வைத்தியர் பிள்ளையைப் பார்த்துக் குனிந்து ஏதோ சொன்னார். "திருப்ப முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்" என்றாள் தோழி.

என் கணவர் அவசரமாக எழுந்தார். தோழியிடம் ஆங்கிலத்தில், "மன்னிப்பு வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பத்து நாளும் எனக்குத் தேவையாக இருந்தது என்று சொல்லுங்கள்" என்றார். தோழி அதை மொழிபெயர்க்க வெகுநேரம் எடுத்தாள்.

அவர்கள் ஒரு சுடுபோத்தலில் கடற்பாசி சூப் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொரியாவில் கொடுப்பது அது. மாமி கொண்டுவந்திருந்தது மல்லியும் மிளகும் மஞ்சளும் அரைத்த சரக்குக் கறி. மாமி போத்தலைத் திறந்து, ஒரு கரண்டி சூப்பைத் தானே குடித்துப் பார்த்தார். "உப்புக் காணாது. ஆனால் பால் சுரக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் மாறி மாறி எனக்கு ஊட்டிவிட்டார். வைத்தியர் கறியை வாங்கிக் கொஞ்சம் நக்கிப் பார்த்து, காரத்தில் கண்ணில் நீர் வழிய, தலையாட்டி ஆமோதித்தார்.

ஏழு மாதம் கழித்து எடுத்த ஸ்கானில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நியூ மால்டனுக்குப் போனேன். அவர் தங்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பிள்ளை பிறந்த பிறகு பலருக்கு அது தானாகச் சுருங்கும். நான் ஒன்றும் செய்யவில்லை" என்றார். பிறகு மகளை என் கையில் இருந்து வாங்கி, அவளுடைய சிறிய மணிக்கட்டில் ஒற்றை விரலை வைத்து, முகத்தை எங்களுக்குக் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் நாடி பார்த்தார்.