நகப்பூச்சுக் கோடு

என் கிட்டார் பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கிரானைட் துண்டு இருக்கிறது. கச்சேரிக்குப் போகிற இடங்களில் பையைத் தூக்குகிறவர்கள், உள்ளே என்ன கல்லா வைத்திருக்கிறீர்கள் என்று கேலி செய்வார்கள். ஆமாம், கல்தான் என்பேன்.

அது அண்ணி தந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு வெண்ணந்தூருக்கு வந்தவர், எங்கள் வீட்டு விசைத்தறியை ஓட்டினார். நான் ஒரு பழைய கிட்டாரோடு சேலத்து இன்னிசைக் குழு ஒன்றில் இடம் பிடிக்க அலைந்துகொண்டிருந்த நேரம். வாசித்துக் காட்டியபோது சில ஸ்வரங்கள் கர்ரென்று இரைந்தன. கை நன்றாக ஓடுகிறது, இரைச்சலைச் சரிசெய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார் குழுத் தலைவர். தந்திகளுக்கு அடியில் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்ற அஸ்தம்பட்டிக் கடையில் கேட்ட கூலிக்கு இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அண்ணி தறியை நிறுத்திவிட்டு வந்தார். தேய்த்துச் சமன் செய்யும் காணொளி ஒன்றைக் கைபேசியில் காட்டினேன். அதில் இருந்த கருவி ஒன்றுகூட நம் கைக்கு எட்டாது என்றேன். அவர் தந்திகளைக் கழற்றச் சொன்னார். தறியிலிருந்து பாவு நூல் ஒன்றை எடுத்துக் கம்பிகளின் மேல் நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, நூலுக்கடியில் வெளிச்சம் தெரிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டார். கம்பிகளுக்கு இடையிலுள்ள மரம் கீறாமலிருக்க அதன் மேல் டேப் ஒட்டினார். கம்பிகளின் உச்சியில் தேய்ந்த இடம் தெரிய, தன் கல்யாணத்துச் சிவப்பு நகப்பூச்சைத் தடவினார். பக்கத்து வீட்டுச் சமையல் மேடை கட்டி மிஞ்சிய கிரானைட் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, சிவப்பு முழுதும் போகும்வரை கம்பிகளின் மேல் தேய்த்தார்.

இரைச்சல் நின்றது. ஆனால் உச்சி தட்டையாகிவிட்டதால் ஒவ்வொரு ஸ்வரமும் மூக்கால் பேசியது. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணி அசரவில்லை. மறுபடி நகப்பூச்சு தடவி, தறி வேலைக்கு வைத்திருந்த முக்கோண அரத்தால் ஒவ்வொரு கம்பியின் இரு தோள்களையும் உருட்டினார். ஒரு கம்பி பள்ளமானாலும் அத்தனையும் பாழ்.

"நடுவுல நூலாட்டம் செவப்பு நிக்கோணும் கண்ணு. அதைத் தொட்டா போச்சு."

எல்லாக் கம்பியிலும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வாசித்து முடித்ததும் எந்தக் கடையில் சரிசெய்தாய் என்று கேட்டார் தலைவர். "எங்க அண்ணிங்க" என்றேன். மேடையேறி எத்தனையோ கைதட்டல் வாங்கிவிட்டேன், அந்தப் பதிலைச் சொன்ன பெருமை எதிலும் வரவில்லை.

போன வாரம் ஊருக்குப் போனபோது, கம்பிகளில் மறுபடி பள்ளம் விழுந்திருப்பதைத் தயக்கத்தோடு காட்டினேன். அவர் செய்த வேலையை நானே கெடுத்துவிட்டதுபோல் இருந்தது. இப்போது கண்ணாடி போட்டிருக்கும் அண்ணி விரலால் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"பள்ளம் உழுகற அளவுக்கு வாசிச்சிருக்கறயே சாமி" என்றார். "அந்தக் கல்லை எடு."