கடற்கரையில் விளக்கு எரிந்தபோது

ஏதென்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், கடலோரப் புறநகர் ஒன்றில் என் தங்கை குடியிருக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் இருவரும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, வீதி விளக்குகள் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிந்தன. நான் கையைத் தட்டி, "மீ லாபி!" என்று கத்திவிட்டேன். யாங்கூனில் கரண்ட் வந்ததும் எங்கள் பசுந்தாங் தெருவே அப்படித்தான் பர்மியத்தில் கத்தும்; மீ என்றால் கரண்ட். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, இங்க கரண்டே போகாது. பொழுது சாஞ்சா போடுவாங்க, அவ்ளோதான்," என்று தங்கை சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆளில்லாத மணலுக்குக்கூட விளக்கு!

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் யாங்கூனிலிருந்து போன் செய்தார். காலையிலிருந்து கரண்ட் இல்லையாம். மோட்டார் ஓடாததால் நாலு மாடிக்கும் வாளியில் தண்ணீர் தூக்கினாராம்.

"அங்க மீ இருக்கா?" என்று கேட்டார்.

எழுந்துபோய் அறை விளக்கை அணைத்தேன். "இப்பத்தான் போச்சுங்க," என்றேன்.

"அடப் பாவமே, அங்கயுமா? புது எடம், இருட்டுல எங்கயும் இடிச்சுக்காத," என்றார்.